கல்யாண ஆல்பத்தை எடுத்துக்கொண்டு ஒளிப்பதிவு படிக்கப் போகலாமா?

மதுரை மாவட்டம் உசிலம்பட்டி வட்டாரத்திலிருந்து ஒரு மாணவி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கமாகத் தருகிறேன்.

அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் எடுத்து பிளஸ் டூ எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறார். அப்பா போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பத்தாம் வகுப்பிலிருந்தே முகூர்த்தம், காதுகுத்து, சடங்கு என்று அப்பாவோடு போய் கேண்டிட் எடுத்து, ஆல்பம் டிசைனும் செய்து பழகியவர். இப்போது சினிமா ஒளிப்பதிவு படிக்க ஆசைப்படுகிறார். “காசு கட்டி நாலு வருஷம் படிக்கிறத நம்ம கடையிலயே கத்துக்கலாம்” என்கிறார் அப்பா. சென்னை, ராத்திரி ஷூட்டிங் என்ற பேச்சை எடுத்தாலே அம்மாவுக்குப் பயம். இதற்கு நடுவில் மதுரையில் ஒரு கன்சல்டன்சிக்காரர், சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் ‘பிலிம் டெக்னாலஜி’ சீட் இருப்பதாகவும், ஒரு வாரத்துக்குள் 50,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தால் பிடித்து வைப்பதாகவும், பிறகு சேராவிட்டால் பணம் திரும்ப வராது என்றும் சொல்லியிருக்கிறார். பணத்தைக் கொடுக்கலாமா, புனே திரைப்படக் கல்லூரியில் சேர எவ்வளவு மார்க் வேண்டும், சென்னை தரமணியில் உள்ள அரசுத் திரைப்பட நிறுவனத்தில் இடம் கிடைக்குமா, இதுவரை எடுத்த கல்யாணப் படங்களையே போர்ட்ஃபோலியோவாகக் காட்டலாமா, ஒன்றரை லட்சம் ரூபாயில் புது கேமரா வாங்க வேண்டுமா, கல்விக் கடன் வாங்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள தங்கைக்கு,

பணத்துக்குத்தான் கெடு வைத்திருக்கிறார்கள் என்பதால் அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். கொடுக்காதீர்கள். ரசீது இல்லாத ரொக்கம் கை மாறிவிட்டால், சட்டம் உங்களுக்குத் தரும் எந்தப் பாதுகாப்பையும் நீங்கள் கேட்க முடியாமல் போய்விடும். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 1992 முதலே இருக்கிறது. ‘திரும்ப வராது’ என்பதும் சரியில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட அறிவிக்கையின்படி, கல்லூரி அறிவித்த சேர்க்கைக் கடைசித் தேதிக்கு 15 நாட்களுக்கு முன்பே விலகினால் கட்டிய கட்டணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். அதில் நடைமுறைச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் பிடிக்கலாம். கடைசித் தேதி நெருங்கிய 15 நாட்களுக்குள் விலகினால் 90 சதவீதம், தேதி முடிந்து 15 நாட்களுக்குள் என்றால் 80, அதற்கடுத்த 15 நாட்களில் 50. ஒரு மாதம் தாண்டினால்தான் எதுவும் கிடையாது. சில ஆண்டுகளில் மானியக் குழு இதைவிடத் தாராளமான தேதிகளைத் தனிச் சுற்றறிக்கையாக விடுவதும் உண்டு. உங்கள் அசல் சான்றிதழ்களை ‘டெபாசிட்’ போல வைத்துக்கொள்வதற்கும் அதே அறிவிக்கை தடை விதிக்கிறது. மீறினால் மானியக் குழுவின் இ-சமாதான் தளத்தில் புகார் செய்யலாம்.

ஆனால் இவ்வளவும் பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளுக்கும்தான் பொருந்தும். ‘பிலிம் டெக்னாலஜி’ என்பது பட்டமா, அந்த நிறுவனம் தானே அடித்துக் கொடுக்கும் டிப்ளமோவா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. கன்சல்டன்சிக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: சான்றிதழின் தலையில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்? பெயர் சொன்னால், அது மானியக் குழுவின் பட்டியலில் இருக்கிறதா, இந்தக் கல்லூரி தன்னோடு இணைந்தது என்று அந்தப் பல்கலைக்கழகமே தன் தளத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேறு மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரில் சென்னையில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து நடத்தும் ‘படிப்பு மையங்கள்’ செல்லாதவை. வெறும் டிப்ளமோவை வைத்துக்கொண்டு பின்னால் முதுநிலைப் படிப்புக்கோ, பட்டம் கேட்கும் அரசுத் தேர்வுகளுக்கோ போக முடியாது. தொழில் கற்கிற இடமாக அது நல்லதாகவே இருக்கலாம், ஆனால் பட்டம் என்று நினைத்துச் சேரக் கூடாது.

புனே இப்போது இல்லை, பிறகு

பிளஸ் டூ மார்க்கை வைத்துப் புனேயில் சேரலாம் என்று நினைக்கிறீர்கள். நிறையப் பேருக்கு இந்த எண்ணம் இருக்கிறது. புனேயில் 1960இல் தொடங்கிய இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனமும் சரி, கொல்கத்தாவில் 1995இல் வந்த சத்யஜித் ராய் நிறுவனமும் சரி, ஒளிப்பதிவை மூன்றாண்டு முதுநிலைப் படிப்பாகத்தான் நடத்துகின்றன. ஏதாவது ஒரு பட்டம் முடித்திருக்க வேண்டும். எந்தப் பாடத்தில் பட்டம் என்பதும் அதில் எத்தனை சதவீதம் என்பதும் அங்கே பெரிய விஷயமில்லை. நுழைவுத் தேர்விலும் நேர்முகத்திலும் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. எழுத்துத் தேர்வு தமிழில் இருக்காது. ஆகவே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதும் பழக்கத்தைப் பட்டப்படிப்புக் காலத்திலேயே வளர்த்துக்கொள்ள வேண்டும்.

இதனால் உங்களுக்கு ஒரு நிம்மதியும் இருக்கிறது. இந்த ஆண்டு நினைத்த இடம் கிடைக்காவிட்டாலும் கதவு மூடிவிடாது. கடன் சுமை இல்லாமல் ஒரு பட்டத்தை முடித்து, அந்த மூன்று நான்கு ஆண்டுகளில் உங்கள் கண்ணைத் தீட்டிக்கொண்டால், நாட்டின் பெரிய இரண்டு கல்லூரிகளுக்கும் அதற்குப் பிறகுதான் விண்ணப்பிக்கவே முடியும்.

பிளஸ் டூ முடித்ததும் சேரக்கூடிய ஒரு நல்ல இடம் அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம். அங்கே திரைப்படம், காணொளிக்கு நான்காண்டு இளநிலைப் பட்டம் உண்டு. ஆனால் அதற்கான தேர்வுக்குப் பிளஸ் டூ படிக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும், வயது வரம்பும் உண்டு. இந்த ஆண்டுக்கு விண்ணப்பிக்கும் காலம் தாண்டிவிட்டது.

தரமணியில் வாய்ப்பு எப்படி?

உங்கள் நிலைமைக்கு முதல் இலக்கு தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம்தான். தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நான்காண்டுக் காட்சிக்கலை இளநிலைப் பட்டம் அங்கே இருக்கிறது. ஒளிப்பதிவு, டிஜிட்டல் இன்டர்மீடியட், ஒலிப்பதிவு, இயக்கமும் திரைக்கதை எழுதுதலும், படத்தொகுப்பு, அனிமேஷனும் விஷுவல் எஃபெக்ட்ஸும் என்று ஆறு பிரிவுகள். ஒளிப்பதிவுக்குப் பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் வேண்டும். உங்களிடம் இரண்டும் இருக்கின்றன. வணிகவியல் பிரிவு எடுத்துவிட்டு இந்த இடத்தில் வந்து முட்டி நிற்கும் பிள்ளைகள் அதிகம், உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கட்டணமும் தனியாரோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு.

ஆனால் ஒரு பிரிவுக்குப் பத்துப் பதினைந்து இடங்கள்தான், அதில் இடஒதுக்கீடும் உண்டு. மாநிலம் முழுவதிலிருந்தும் வருவார்கள். அதனால் ஒளிப்பதிவை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காமல், டிஜிட்டல் இன்டர்மீடியட் பிரிவையும் தீவிரமாக யோசித்துப் பாருங்கள். எடுத்த படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் காட்சிக்குக் காட்சி சமன் செய்து இறுதி வடிவம் கொடுக்கிற வேலை அது. மண்டபத்து மஞ்சள் விளக்கில் எடுத்த படத்திலும் வாசல் வெயிலில் எடுத்த படத்திலும் ஒரே மணப்பெண்ணின் தோல் நிறம் மாறாமல் கொண்டுவரப் பாடுபட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பிரிவின் அடிப்படை வேலையே அதுதான். ஒளிப்பதிவைவிடக் குறைவான பேர்தான் இதை முதல் விருப்பமாகக் கேட்பார்கள் என்பது என் கணிப்பு. இரண்டு பிரிவுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கலாமா என்பதை அந்த ஆண்டின் தகவல் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வயது வரம்பு, கட்டணம், தேர்வு முறை எல்லாவற்றுக்கும் அந்தக் குறிப்பேடுதான் ஆதாரம். யூடியூப்பில் சொல்வதை நம்ப வேண்டாம்.

கூடவே மதுரையில் ஒரு விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள். அமெரிக்கன் கல்லூரி உட்பட இங்கே சில கல்லூரிகளில் அந்தப் பட்டம் இருக்கிறது. அரசு உதவி பெறும் கல்லூரி என்றாலும் விஸ்காம் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் வரும், ஆகவே மூன்று ஆண்டுக் கட்டணத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் போய்ப் பார்க்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். எத்தனை மாணவருக்கு ஒரு கேமரா, அதை வீட்டுக்கோ வெளியிடத்துக்கோ எடுத்துப்போக விடுவார்களா, எடிட்டிங் அறை எத்தனை மணி வரை திறந்திருக்கும், போன வருட இறுதியாண்டுப் படங்களைப் போட்டுக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் அந்தப் படிப்பு எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். ஒரு வருடம் சும்மா இருந்து தரமணிக்கு மறுபடி முயல்வதைவிட, இங்கே சேர்ந்துகொண்டே மறுபடி முயல்வது நல்லது.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால், தமிழ்நாட்டில் எந்த அங்கீகரிக்கப்பட்ட பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கல்விக் கடன் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 4 லட்சம் ரூபாய் வரை நம் பங்குத்தொகை எதுவும் கேட்க மாட்டார்கள், 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் 6 லட்சத்தை 10 சதவீத வட்டியில் பத்தாண்டுகளில் அடைப்பதென்றால் மாதம் ஏறத்தாழ 7,900 ரூபாய், படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. உதவி ஒளிப்பதிவாளராக முதல் சில ஆண்டுகளில் கிடைப்பது மாதச் சம்பளம் இல்லை. படம் இருக்கும் நாட்களுக்குத்தான் பேட்டா. இந்தத் துறைக்குப் பெரிய கடனோடு போவதை நான் பரிந்துரைப்பதில்லை.

உங்கள் படங்களைப் பற்றி

நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கல்யாண ஆல்பத்தை அப்படியே கொண்டு போகாதீர்கள். முதல் காரணம் சட்டம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பணம் கொடுத்தவர்தான். எடுத்த ஸ்டுடியோ அல்ல. ஓரிரு படங்கள் வேண்டுமென்றால் அந்த வீட்டாரிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஆல்பம் உங்களுக்குச் சில பழக்கங்களைக் கொடுத்திருக்கும். எப்போதும் லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்துப் பின்னணியைக் கரைப்பது, தோலை மழுங்க வழிப்பது, பச்சையையும் ஆரஞ்சையும் தூக்கும் பிரீசெட் (முன்பே அமைத்து வைத்த நிறத் திருத்தம்), ஓரங்களை இருட்டாக்குவது. வாடிக்கையாளருக்கு அது அழகு. தேர்வுக் குழுவில் இருப்பவர், இந்தப் பெண் சட்டகத்துக்குள் எதை வைக்கிறாள், எதை விடுகிறாள், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறதா என்று தேடுவார். பின்னணியே இல்லாத படத்தில் அதைத் தேட வழியில்லை. அடுத்த இரண்டு மாதத்துக்குத் துவாரத்தை f/8 அளவைவிடப் பெரிதாகத் திறக்காமல் படம் எடுத்துப் பாருங்கள். சுவர், கதவு, பின்னால் நிற்கும் ஆள் எல்லாம் தெளிவாகத் தெரியும்போது அவற்றை எங்கே நிறுத்துவது என்று யோசித்தே ஆக வேண்டியிருக்கும்.

மீனாட்சி அம்மன் கோபுரம், அழகர் ஆற்றில் இறங்குவது, அலங்காநல்லூர்க் காளை மூன்றும் மதுரைப் பக்கத்திலிருந்து வரும் ஏறக்குறைய எல்லாக் கோப்புகளிலும் இருக்கும். நன்றாகவே எடுத்திருந்தாலும் நூறோடு நூற்றொன்றாகப் போகும். உங்களிடம் வேறு யாரிடமும் இல்லாத ஓர் இடம் இருக்கிறது: அப்பாவின் ஸ்டுடியோ. ஆதார் அட்டைக்குப் படம் எடுக்க வந்து முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளும் பாட்டி, மடித்து வைத்த பின்னணித் திரை, இறந்தவரின் சின்னப் படத்தைப் பெரிதாக்கித் தரக் கேட்டு வருபவர், அட்டைப்பெட்டியில் கிடக்கும் பழைய நெகட்டிவ்கள். இதில் எட்டுப் படம் கொண்ட ஒரு தொடர் செய்யலாம். இரண்டாவது தொடருக்கு உங்கள் உசிலம்பட்டிப் பக்கத்துப் பாசனக் கால்வாயான 58 கால்வாய். தண்ணீர் வரும் நாளிலும் வறண்டு கிடக்கும் நாளிலும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் நின்று எடுங்கள். மூன்றாவதாக வெளிச்சப் பயிற்சி: வீட்டில் ஒரே ஜன்னல், ஒரே ஆள், காலை ஏழு மணி, உச்சி, மாலை ஐந்து. பிளாஷ் கூடாது. நிழல் மூக்குக்கு எந்தப் பக்கம் விழுகிறது, கண்ணில் ஒளிப்புள்ளி எங்கே இருக்கிறது என்று படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதிவைத்தால் நேர்முகத்தில் கேட்கும்போது தடுமாற மாட்டீர்கள்.

மொத்தம் பதினைந்து போதும். நல்ல பன்னிரண்டோடு சுமாரான எட்டைச் சேர்த்தால் அந்த எட்டுதான் நினைவில் நிற்கும். ஸ்டுடியோ பெயர் முத்திரையைப் படத்தின் மேல் போடாதீர்கள். 8க்கு 12 அங்குல மேட் பிரின்ட் எடுங்கள். பளபளப்புத் தாள் நேர்முக அறையின் ட்யூப்லைட்டைத் திருப்பி அடித்துப் பாதிப் படத்தை மறைத்துவிடும். திருத்தாத அசல் கோப்புகளைப் பென் டிரைவில் வைத்திருங்கள். இது நீங்கள்தான் எடுத்ததா என்று கேட்டால் திறந்து காட்டலாம்.

நகரும் படம் ஒன்றும் வேண்டும். மூன்று நிமிடம், வசனமில்லாமல், ஒரே ஒரு வேலை தொடங்கி முடிவது. பூக்கட்டுவதாக இருக்கலாம், பரோட்டா போடுவதாக இருக்கலாம். அகலம், நடு, அண்மை என்று ஷாட்டுகளைப் பிரித்து, கேமராவை ஆள்களின் ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள். பக்கம் மாறினால் எடிட்டில் ஆள் திடீரென்று எதிர்த்திசைக்குத் திரும்பியது போலத் தெரியும். போனிலேயே எடுக்கலாம். ஆனால் வெளிச்சத்தையும் நிறச் சமநிலையையும் பூட்டிவிட வேண்டும், இல்லையென்றால் யாராவது வெள்ளைச் சட்டையோடு குறுக்கே போனால் படம் முழுக்க இருண்டு மீளும். நம் ஊர் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று என்பதால் குழல்விளக்கு வினாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் 1/60இல் இருந்தால் திரையில் பட்டைபட்டையாக ஓடுவது அதனால்தான். வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள், பட்டை அடங்கிவிடும்.

புதுக் கேமரா வேண்டாம். அப்பாவின் கேமரா முகூர்த்தம் இல்லாத நாட்களில் சும்மா இருக்கும். ஆடி, மார்கழியில் மாதக்கணக்கில் கிடைக்கும். தனியாக ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்றால் பழைய ஏபிஎஸ்-சி கேமராவும் (முழுச் சட்டக அளவைவிடச் சிறிய சென்சார் கொண்டது) ஒரு 35 மி.மீ. லென்ஸும் போதும். அந்த சென்சாரில் 35 மி.மீ. லென்ஸ், முழுச் சட்டகக் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் தரும் பார்வையை ஏறத்தாழத் தரும். வாங்கும்போது லென்ஸ் வழியாக டார்ச் அடித்து உள்ளே நூல்நூலாகப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். f/16இல் வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கினால் சென்சார் தூசி தெரிந்துவிடும். ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்றும் கேளுங்கள். மிச்சப் பணத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, எடுத்ததையெல்லாம் இரண்டு பிரதியாக வையுங்கள்.

அப்பா, அம்மா

அப்பா சொல்வதில் பாதி உண்மை. வெளிச்சம் போகும் முன் வேலையை முடிக்கும் வேகம், தெரியாத ஆளைக் கேமரா முன் இயல்பாக நிற்கவைப்பது, பிளாஷைக் கூரையில் அடித்துத் திருப்புவது எல்லாம் கல்லூரியில் முதல் ஆண்டு முழுக்கத் திணறும் விஷயங்கள். நீங்கள் அவற்றை வீட்டிலேயே பெற்றிருக்கிறீர்கள், அவரிடம் அதைச் சொல்லுங்கள். பட்டமே இல்லாமல் உதவியாளராகச் சேர்ந்து மேலே வந்தவர்களும் இருக்கிறார்கள். பி.ஆர். விஜயலட்சுமி ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்துதான் 1985இல் தனியாக ஒளிப்பதிவு செய்தார். ஆனால் அவர் இயக்குநர், தயாரிப்பாளர் பி.ஆர். பந்துலுவின் மகள், சினிமா ஆட்கள் வீட்டுக்கே வந்துபோகும் சூழல் அவருக்கு இருந்தது. உங்களுக்கு அந்த அறிமுகத்தைத் தரப்போவது உங்களோடு படிக்கும் இயக்கம், எடிட்டிங் மாணவர்கள்தான். பி.சி. ஸ்ரீராம் சென்னைத் திரைப்படக் கல்லூரியிலும், பாலு மகேந்திரா புனேயிலும் படித்தவர்கள் என்பதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். ஸ்டுடியோ தொழிலில் இருப்பவருக்கு அந்தப் பெயர்களின் எடை தெரியும்.

அம்மாவின் பயத்தை ‘ஒண்ணும் ஆகாதும்மா’ என்று தள்ளிவிடாதீர்கள். இரவுப் படப்பிடிப்பு இந்தப் படிப்பில் உண்டு. சேரும் முன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்: பெண்கள் விடுதி உண்டா, இரவு வேலை முடிந்தால் திரும்ப வண்டி யார் ஏற்பாடு, வெளியூர்ப் படப்பிடிப்புக்கு ஆசிரியர் கூட வருவாரா, பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவின் உறுப்பினர்கள் யார். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படியும், மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகளின்படியும் கல்லூரிகள் அந்தக் குழுவை வைத்தே ஆக வேண்டும், உறுப்பினர் பெயர்களையும் தொடர்பு எண்களையும் எல்லோருக்கும் தெரியும்படி வெளியிட வேண்டும். அந்தப் பலகையை அம்மா தன் கண்ணால் பார்க்கட்டும்.

இனி, வரிசை. இந்த வாரமே கன்சல்டன்சிக்காரரிடம் ரசீதும் பல்கலைக்கழகப் பெயரும் எழுத்தில் கேளுங்கள். அநேகமாக அதற்குப் பிறகு அவரே கூப்பிட மாட்டார். முடிவு வந்ததும் மதுரைக் கல்லூரிக்கு விண்ணப்பம், தரமணி அறிவிப்பு வந்த அன்றே அதற்கும். மதுரையில் முதலில் அழைப்பு வந்தால் தயங்காமல் சேருங்கள். சேரும் முன் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து ஐந்து நகல் எடுத்துச் சான்றொப்பம் வாங்கி வையுங்கள், கட்டணத்தை வங்கி வழியாக மட்டும் கட்டுங்கள். பின்னர் தரமணியிலிருந்து அழைப்பு வந்தால், விலகல் கடிதத்தைத் தேதியோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்கிய நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் எத்தனை சதவீதம் திரும்ப வர வேண்டும் என்பது அந்தத் தேதியிலிருந்துதான் கணக்காகும்.